படகுத்துறை அக்காவின் நல்ல நேரம்

உதடு மட்டும் அசைகிறது. பம்பு ஹவுஸ் பக்கம் ஒன்று, கோரைப்புல் ஓரம் இரண்டு, நடுவில் அந்தச் சிவப்புச் சட்டைக்காரர் ஒன்று. நாலு. ஐந்தாவது எங்கே? படகுத்துறை அக்கா ஸ்டூலை விட்டு எழுந்து, தகரக் கொட்டகையைத் தாண்டி, பலகைத்துறையின் நுனிவரை போய், புருவத்துக்கு மேல் கையை வைத்துப் பார்க்கிறார். ஐந்தாவது படகு கிளம்பவே இல்லை. காலடியில்தான் கட்டிக்கிடக்கிறது. "வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே" என்று படகைத் திட்டிவிட்டு வந்து உட்காருகிறார். பத்து நிமிஷத்தில் மறுபடி எழுந்துவிடுவார்.

ஊர் ஓரத்து ஏரியில் தூண்டில் போட வருகிறவர்களுக்குப் படகு வாடகைக்கு விடுவது அவர் தொழில். அதற்கு முன்னால் பதினாலு வருஷம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை பார்த்தார். பட்டன் ஏழு இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் அதில் என்ன குறை என்று தேடுகிற கண் வந்துவிட்டது. தொழிற்சாலையை மூடினார்கள், கண்ணை மூட முடியவில்லை. சொந்தக்காரர் ஒருவர் விட்டுப்போன படகுகளை எடுத்து நடத்த ஆரம்பித்து ஒன்பது வருஷமாகிறது. அக்காவுக்கு நீச்சல் தெரியாது. படகில் இதுவரை ஏறியதும் இல்லை. "ஓட்டல் நடத்தறவன் எல்லாம் அவன் ஓட்டல்லயா சாப்பிடறான்?" என்பார்.

ஒன்பது வருஷத்தில் ஒரு ஆள் தண்ணீரில் விழுந்ததில்லை. ஒரு துடுப்பு மிதந்து போனதுதான் பெரிய விபத்து. இதைச் சொல்லி யாராவது தைரியம் கொடுத்தால் அக்காவுக்கு முகம் சுருங்கிவிடும். "நடந்திருந்தா, நடந்துபோச்சுன்னு கிடப்பேன். ஒண்ணும் நடக்கலையே, அதான் பயமா இருக்கு."

ஏரியில் பாஸ் மீன் உண்டு. வாய் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. தூண்டிலில் மாட்டினால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எம்பும். அந்த ஒரு எம்பலுக்காக வேலை வெட்டியை விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டும்போதே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அக்கா, பாஸுக்கு எந்த நேரம் நல்ல நேரம்?"

"நான் பத்தாவதே பாஸ் பண்ணலை, என்கிட்ட வந்து கேக்கறீங்களே" என்று முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம் கண்ணை எடுக்காமல், "காலைல பத்துல இருந்து பன்னெண்டு. அதுக்கப்புறம் ஒரு குஞ்சுகூட மாட்டாது."

சுத்தப் பொய்.

நிஜம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷமாக யார் எத்தனை மணிக்குப் போய் என்ன கொண்டுவந்தார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பவர் அவர். பொழுது விடிகிற நேரம், அப்புறம் பொழுது சாய்கிற நேரம். வெளிச்சம் மங்கினால்தான் பாஸ் ஆழத்தை விட்டுக் கரையோரப் புல்லுக்குச் சின்ன மீனைத் துரத்திக்கொண்டு வரும். வெயில் ஏறிவிட்டால் நிழல் தேடிக் கீழே போய்ப் படுத்துவிடும். மேகம் மூடிய நாளில் எந்நேரமும் கடிக்கும். கடுங்குளிர் அடிக்கிற இரண்டு மாதம் மட்டும் கணக்கு மாறும்; தண்ணீர் கொஞ்சம் சூடேறுகிற உச்சிவேளைதான் அப்போது சரி. "வருஷத்துல அந்த ரெண்டு மாசம் நான் அரிச்சந்திரி" என்று கணவரிடம் சொல்வார்.

மற்ற பத்து மாதமும் ஏன் பொய்? இருட்டு விழும்போது ஏரியில் ஆள் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். பழைய ஆட்களை ஏமாற்ற முடியாது. அவர்கள் சிரித்துக்கொண்டே சாயங்காலம் வருவார்கள், அக்கா முனகிக்கொண்டே படகை அவிழ்ப்பார், ஆறு மணி அடிப்பதற்குள் பத்துத் தடவை கூவுவார். புது ஆட்களாவது பத்து மணிக்கு வந்து, பட்டப்பகலில், கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில், மீனே இல்லாமல் பத்திரமாகத் திரும்பட்டும். இந்தப் பொய்யில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அவர் நினைத்திருந்தார், போன மாதம் வரை.

கண்ணாடி வெட்டும் கடை வைத்திருக்கிற ஒருவர், வாரத்தில் கடைக்கு லீவு விடுகிற ஒரே நாளில் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். பெரியவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் தொடங்கி ஒரு வருஷமாகிறதாம். இளவயதில் தூண்டில் பைத்தியமாக இருந்த மனுஷன், தண்ணீரைப் பார்த்தாலாவது கொஞ்சம் தெளிவாரே என்று மகனுக்கு ஆசை. பொறுமையான மகன். அப்பாவின் ஜாக்கெட்டுக்கு பக்கிள் மாட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். அதனாலேயே அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் நேரம் கேட்டார். அக்கா பத்து மணி என்றார்.

ஐந்து வாரம் வந்தார்கள். ஐந்து வாரமும் வெறும் வாளி. ஐந்தாம் வாரம் படகு திரும்பும்போது அக்கா கயிற்றைப் பிடிக்கப் பலகையில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர்மேல் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

"இது நேரமே இல்லடா. வெயில்ல அது கீழ போயிடும். பொழுது சாயட்டும், அந்தப் புல்லோரமா விடு படகை" என்றார் பெரியவர்.

"அப்பா, வாராவாரம் இதையே சொல்றீங்க. அந்த அக்கா ஒன்பது வருஷமா இங்கயே உக்காந்திருக்காங்க. அவங்களுக்குத் தெரியாததா? உங்களுக்குக் கொஞ்சம் குழம்புதுப்பா. பரவால்ல, விடுங்க."

மகன் கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னார். பெரியவர் தண்ணீரைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார். "அப்படியா... இருக்கும்."

அந்த "இருக்கும்" அக்காவின் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ் ஓட்டுகிற கணவர் டூட்டி முடிந்து வந்து கால் கழுவுவதற்குள் விஷயத்தைக் கொட்டிவிட்டார்.

"சொல்லிடு" என்றார் கணவர்.

"சொன்னா சாயங்காலம் வருவாங்க."

"வரட்டும்."

"அவரு நினைவு இல்லாத மனுஷன். படகுல எழுந்து நின்னுட்டா?"

"புள்ளை கூட இருக்கான்ல."

"பொழுது இறங்கிட்டா எந்தக் கரையும் ஒண்ணு மாதிரிதாங்க இருக்கும். வழி தெரியாமப் போயிட்டா?"

கணவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப சொல்லாதே."

"சொல்லாம எப்படிங்க இருக்கறது?"

கணவர் துண்டை எடுத்து மறுபடி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு இருபது வருஷமாக அவர் வைத்திருக்கிற பதில் அதுதான்.

ஆறாம் வாரம் பெரியவரைக் கொட்டகைக்குள் நிழலில் உட்காரவைத்துவிட்டு, அக்கா மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். "பத்து மணி நான் கட்டிவிட்ட கதை தம்பி. உங்கப்பா சொன்னதுதான் சரி. நேரமும் சரி, அந்தப் புல்லோரமும் சரி."

கண்ணாடிக்காரர் கவிழ்த்துப்போட்ட படகின் மேல் உட்கார்ந்தார். திட்டுவார் என்று அக்கா காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

"போன வாரம் டாக்டர்கிட்ட போயிருந்தோம்க்கா. எப்படி இருக்காருன்னு கேட்டாரு. முன்ன தெரிஞ்சதெல்லாம்கூட தப்புத் தப்பாச் சொல்றாருன்னேன். உதாரணம் கேட்டாரு. இந்த மீன் விஷயத்தைத்தான் சொன்னேன்." கொட்டகைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "டாக்டர் அதை எழுதிக்கிட்டாரு" என்றார்.

அக்கா வாடகை நோட்டுப் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டே நின்றார்.

அன்று சாயங்காலம் நாலரைக்கு இருவரும் திரும்பி வந்தார்கள். அக்கா நூறு நிபந்தனை போட்டார். பம்பு ஹவுஸைத் தாண்டக் கூடாது, பெரியவர் எழுந்து நிற்கக் கூடாது, ஆறு மணிக்குப் பலகையில் இருக்க வேண்டும். "ஆறுன்னா ஆறு. ஆறு அஞ்சுன்னு வந்தா நான் இங்க உயிரோட இருக்க மாட்டேன்." பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்டேஷன் மாஸ்டர் ரொம்ப கண்டிப்பு போல" என்று மகனிடம் சொல்லிவிட்டு ஏறினார்.

ஐந்தரை வரைக்கும் படகு கண்ணில் பட்டது. ஐந்தேமுக்காலுக்கு மேகம் இறங்கியது. சாரல்தான், ஆனாலும் எதிர்க்கரையைத் துடைத்தெடுத்துவிட்டது. மற்ற படகெல்லாம் வந்து சேர்ந்தன. ஆறு. ஆறு ஐந்து. அக்கா மகனின் நம்பருக்குப் போன் போட்டார். கொட்டகைக்குள், ஆணியில் தொங்கிய பைக்குள்ளிருந்து மணி அடித்தது. நனையக் கூடாதென்று மனுஷன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கணவருக்குப் போட்டார். எடுக்கவில்லை, ஸ்டியரிங்கில் இருக்கும்போது எடுக்க மாட்டார்.

சொல்லாமலே இருந்திருக்கலாம். ஒரு பெரியவர் குழம்பிப்போனவராகவே இருந்துவிட்டுப் போயிருப்பார், உயிரோடு இருந்திருப்பார். இப்படி ஒரு நினைப்பு வந்ததும் அக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. நினைப்பு போகவும் இல்லை. "தம்பீ!" என்று கத்திப் பார்த்தார். பதினாலு வருஷம் மெஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல், சாரலில் பத்தடி போய்ச் செத்தது.

பலகையோரம் ஒரு துடுப்பு கிடந்தது. அதை எடுத்து, கவிழ்த்துப்போட்டிருந்த படகின் வயிற்றில் ஓங்கி அடித்தார். டொம்மென்று ஏரி முழுக்கக் கேட்டது. மறுபடி அடித்தார். பத்து எண்ணிவிட்டு ஓர் அடி, பத்து எண்ணிவிட்டு ஓர் அடி. எண்ணிக்கை தப்பவில்லை. கை எரிந்தது, கண்ணில் வழிவது சாரலா வேறேதுமா என்று தெரியவில்லை, அடியை மட்டும் நிறுத்தவில்லை.

எத்தனையாவது அடியிலோ தண்ணீரில் இன்னொரு துடுப்பின் சத்தம் கேட்டது. நிதானமான சத்தம். மங்கலில் முதலில் ஒரு முதுகு தெரிந்தது. துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தது பெரியவர். மகன் எதிரே உட்கார்ந்து, நனைந்த மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, குருடனைப் போல முழித்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் கரைன்னே தெரியலக்கா!" தூரத்திலிருந்தே கத்தினார். "நான் இந்தப் பக்கம்ங்கறேன், அப்பா கேக்கவே இல்ல. சிக்னல் குடுக்கறாங்கடா, சத்தம் வர்ற பக்கம்தான் ஸ்டேஷன்னு துடுப்பைப் புடுங்கிக்கிட்டாரு!"

படகு பலகையில் இடித்து நின்றது. வாளிக்குள் மூன்று பாஸ். ஒன்று இன்னும் வாலால் வாளியை அறைந்துகொண்டிருந்தது. "பெரிசு அப்பா புடிச்சதுக்கா. அவரு சொன்ன புல்லுலதான்" என்றார் மகன். அந்த டாக்டரிடம் மறுபடி போக வேண்டும் என்றும் சொன்னார். அக்கா காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. மகன் எறிந்த கயிற்றைப் பிடித்தவர், அதைக் கம்பத்தில் கட்ட வேண்டும் என்பதையே மறந்து, முஷ்டியில் இரண்டு சுற்று சுற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார்.

பெரியவர் மகன் தோளைப் பிடித்துப் பலகையில் ஏறினார். வாளியைப் பார்த்து, "இதெல்லாம் யார் புடிச்சது?" என்று கேட்டார். மகன் பதில் சொல்வதற்குள் அவர் பார்வை அக்காவிடம் போய்விட்டது. இவரை முன்பு பார்த்த நினைவு அந்த முகத்தில் இல்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்தார்.

"லேட்டுதான், ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா வண்டி வந்தாச்சும்மா. விடு."

அக்கா விடவில்லை. விடத் தெரியவில்லை. பெரியவர் கிட்டே வந்து, அந்த முஷ்டியைத் தன் இடது உள்ளங்கையில் ஏந்தி, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். நாலு விரலும் பிரிந்தன. கட்டைவிரல் மட்டும் கயிற்றைக் கவ்விக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. அதன்மேல் தன் கையைப் பொத்தி வைத்துக்கொண்டு, சாரலில் அப்படியே நின்றார்.