ஆணிச் சத்தம்

போன வாரம் சண்டை போடத்தான் போனேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்கோடியில் செல்வத்தின் மரப்பட்டறை. இடித்த பழைய வீடுகளின் தேக்கை வாங்கி, இழைத்து, புது அபார்ட்மெண்ட்களுக்குக் கதவு செய்கிறவர். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அவருடைய இழைப்பு மிஷின் போட்ட கூச்சலில், நான் எழுத உட்கார்ந்தாலே பல் கூசியது. ஒரு மனுஷனுக்கு இது காதில் விழாதா?

விழவில்லை.

மிஷின் இப்படிக் கத்துகிறதே, தெரியவில்லையா என்று கேட்டேன். என் வாயையே பார்த்துவிட்டு, "அப்படிங்களா சார்?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. குரலை உயர்த்தினேன். அவர் மனைவி மல்லிகா உள்ளேயிருந்து ஓடி வந்து, அவர் தோளைத் தொட்டு, மிஷினைக் காட்டி, தன் காதையும் காட்டினார். அப்புறம்தான் செல்வத்தின் முகம் மாறியது.

வேலை தெரிந்தவர். பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, என்னைப் பார்த்தார். சத்தமில்லை என்று தலையாட்டினேன். பிறகு, பிளேடு மாட்டிய உருளையைக் கையால் சுற்றினார். கரகரப்பு விரலுக்கே தெரிந்துவிட்டது... பேரிங் போயிருக்கிறது. பூஜைக்கு மிஷினைக் குளிப்பாட்டுகிறேன் என்று ஹோஸ் பைப்பால் தண்ணீரைப் பீய்ச்சியிருக்கிறார்கள். வெளியே சந்தனம், குங்குமம். உள்ளே துரு.

பாலக்கரை போய்ப் புது பேரிங் வாங்கி வந்து அவர் மாட்டிக்கொண்டிருந்தபோது, மல்லிகா மெதுவாக விஷயத்தைச் சொன்னார். டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, மிஷின் இரைச்சலில் போன காது திரும்பாதாம். முன்பே காதுக்கு ஏதாவது மாட்டியிருக்கக் கூடாதா என்றேன்.

"மாட்ட மாட்டேன்னுட்டாரு சார். பழைய மரத்துல ஆணி இருக்கும். பிளேடு அதுல உரசுனா டிக்குனு ஒரு சத்தம் வரும், உடனே கைய எடுத்துடணும். காத மூடிக்கிட்டா அது எப்படிக் கேக்கும்பாரு."

விரலைக் காப்பாற்றத் திறந்து வைத்த காது. இருபக்கமும் போய்விட்டது. சண்டை போட வந்த என்மேலேயே வெறுப்பு வந்தது.

வெளியே சொல்லிவிடாதீர்கள், ஆர்டர் நின்றுவிடும் என்று மல்லிகா கெஞ்சினார். இங்கே பெயர்களை மாற்றியிருப்பது அதனால்தான்.

பேரிங் மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். கூச்சல் இல்லை, வழக்கமான இரைச்சல்தான். என் புகார் தீர்ந்தது. கிளம்பியிருக்கலாம்... நின்றேன்.

செல்வம் பழைய நிலைக்கால் ஒன்றை மிஷின்மேல் வைத்துத் தள்ள ஆரம்பித்தார். மல்லிகா எதிரே வந்து நின்றார். ஆணி உரசும் சத்தம் கேட்டால் மல்லிகா கையைத் தூக்குவார், செல்வம் நிறுத்துவார். இப்போது அதுதான் ஏற்பாடாம்.

செல்வம் மரத்தைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் பிளேடுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன.

மல்லிகாவும் காதுக்கு எதுவும் மாட்டியிருக்கவில்லை.