நான் மொழிபெயர்க்காத வாக்கியம்

மீமிசலுக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி ஒரு மீனவக் குப்பம். அங்கே ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபை. போன ஞாயிறு போயிருந்தேன். ஆராதனை நடந்தது... வெயிலில்! கோயில் கூரையில் பாதித் தகரத்தைக் காணோம். ஐப்பசிக் காற்றில் போனதாம். இப்போது பங்குனி.

"ஓலையாவது போட்டு மூடியிருக்கலாமே?" என்றேன்.

"சீமைக்கு எழுதிப் போட்டிருக்கு சார். பதில் வரட்டும்னு இருக்கோம்" என்றார் ஞானமுத்து. சபையின் மூப்பர். எழுபதைத் தொட்டுவிட்டவர்.

ஒரு காலத்தில், புயல் ஓய்ந்த மூன்றாம் நாளே பனையோலை வெட்டிவந்து வேய்ந்துவிடும் ஜனங்கள் இவர்கள். யார் இப்படி ஆக்கியது? வெள்ளைக்காரர் என்று சொல்லிவிடலாம். சுலபம். ஆனால் அதில் என் பங்கு பெரிது. போன ஞாயிறு வரை வெளியில் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அறந்தாங்கியில் நான் பள்ளிக்கூட வாத்தியார். கொஞ்சம் இங்கிலீஷ் வரும். அதற்கு நிறைய மதிப்பு வரும். சீமையிலிருந்து வந்திருந்த மிஷனரி அம்மாள் ஒருவருக்கு — மிஸ்ஸியம்மா என்போம் — ஊர் ஊராகப் போய் மொழிபெயர்ப்பது என் வேலை.

அந்தக் குப்பத்தில் மிஸ்ஸியம்மா பேசினார். அவருடைய ஊர்க் கோயில் யுத்தத்தில் குண்டு விழுந்து கூரையில்லாமல் நிற்கிறதாம். பள்ளிக்கூட ஹாலில்தான் ஆராதனையாம். ஆனாலும், இங்கே தகரக் கூரை போட அந்த ஜனங்கள் உதவப் போகிறார்களாம். அப்படியே தமிழில் சொன்னேன்.

கூட்டத்தில் குசுகுசுவென்று பேச்சு. ஞானமுத்து எழுந்தார்.

"சார், அவுகளே கூரையில்லாம இருக்கையில நமக்கெதுக்கு தகரம்? மொதல்ல அவுக கோயில முடிக்கட்டும். எங்களுக்கு ஓலை இருக்கு. வார சனிக்கிழமை ஒரு நா பாடு, கெடைக்கிற மீனு பூராவும் அவுகளுக்குத்தான். சொல்லுங்க சார்."

சொன்னேனா?

சிரிப்பு வந்தது எனக்கு. கூடவே பயம் — கைக்கு வந்த தகரம் போய்விடுமே! கட்டுமரக்காரர் சீமைக்குக் கொடுப்பதாவது... "மிகவும் நன்றி. மழைக்கு முன்னால் தகரம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். மிஸ்ஸியம்மா தலையாட்டினார். ஞானமுத்துவும் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

தகரம் வந்தது. அதற்கு முன்பே, ஓலைப்பெட்டி நிறையக் கருவாட்டோடு ஞானமுத்து அறந்தாங்கிக்கு வந்துவிட்டார். "கப்பல்ல அனுப்பிருங்க சார். உப்பு நல்லா ஏறியிருக்கு, கெடாது." அனுப்பியாயிற்று என்று பிற்பாடு அவரிடம் சொன்னேன். பள்ளிக்கூட விடுதிப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். நானும்தான்.

"பதில் வந்துச்சா சார்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டார். பிறகு வேறு கேட்க ஆரம்பித்தார்கள். விளக்கு, மணி, உபதேசியார் சம்பளம்... அந்நாளில் எல்லாக் கடிதமும் நான் எழுதியதே. கெஞ்சுகிற இங்கிலீஷ் எனக்குக் கைவந்த கலை.

மிஸ்ஸியம்மா சீமைக்கே திரும்பிப் போகும்போது வழியனுப்பப் போயிருந்தேன். ரயிலில் ஏறுமுன் சொன்னார்: "நல்ல ஜனங்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் 'உங்கள் கோயில் என்ன ஆயிற்று' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வண்டி புறப்பட இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. திறக்கவில்லை.

போன ஞாயிறு, அந்தப் பாதிக் கூரையின் கீழே ஞானமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கருவாடு உட்பட. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அப்ப, அந்தம்மா நம்மளப் பத்தி என்னன்னு நெனச்சுக்கிட்டுப் போயிருப்பாக சார்?"

அந்த அம்மாள் போன வருஷம் காலமாகிவிட்டார். அதையும் சொன்னேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவுக சபை இருக்குமுல்ல? அதுக்கு எழுதுங்க. அன்னைக்கு நான் என்ன சொன்னேனோ அதை எழுதுங்க. எங்க கூரையப் பத்தி ஒரு வார்த்தை எழுதாதீங்க. அதை நாங்க பாத்துக்கிறோம்."

எழுதிவிட்டேன். பதில் வருமோ, வராதோ... அங்கே அதைப் படித்துப் புரிந்துகொள்ள அன்றைய ஜனங்கள் எத்தனை பேர் மிச்சமோ!

கொடுக்கிறவர்களுக்கும் ஒரு குறை இருக்கும் என்பது, இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.