மார்கழியில் உறையாத எண்ணெய்

கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள கிள்ளானில் மார்கழிக்குக் குளிர் கிடையாது. மழை உண்டு, விடியலில் ஆற்றுப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று உண்டு. ஆயினும், பதிகம் பாடக் கோயிலுக்கு நடக்கையில் நான் ஒருநாளும் துண்டால் உடலைப் போர்த்திக்கொண்டதில்லை. இத்தனை எளிய செய்தியை எங்கள் தெருவார் அனைவரும் பல ஆண்டுகள் கவனியாதிருந்தோம். அதனால் விளைந்ததையே இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் ரயில்வே சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி. காலையில் கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் வார்த்துப் பாடிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். கோயிலுக்கும் எங்கள் வீடுகளுக்கும் நல்லெண்ணெய் வந்தது ஒரே கடையிலிருந்து. கடைக்குப் பின்னால் மாட்டுச்செக்கு. முன்னால் பலகையடுக்கில் தகர டின்கள். மார்கழி பிறந்ததும் செக்குக்காரர் ஒரு போத்தலை வாசலில் வைப்பார். தேங்காயெண்ணெய் கலந்திருந்தால் இந்த மாதத்தில் உறைந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பது ஊரிலிருந்து நாங்கள் கொண்டுவந்த அறிவு. போத்தல் தெளிவாக நிற்கும். நாங்களும் பார்த்துவிட்டு, சுத்தம் என்று சொல்லி வாங்கிப் போவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த என் மனைவி, தலையில் தேங்காய் வாசம் அடிப்பதாகச் சொன்னாள். மார்கழியிலும் உறையாத எண்ணெயைக் குறை சொல்லலாமா என்றேன். அவள் கூந்தலை உதறியபடி கேட்டாள்: "நம்ம வீட்டுத் தேங்கா எண்ணெ இந்த ஊர்ல என்னிக்குங்க உறைஞ்சிருக்கு?"

எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்படியில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் மார்கழி விடியலில் தண்ணீராகத்தான் நின்றது.

அடுத்த வீட்டில், கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் சானிட்டரி போர்டு அலுவலகத்தில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் இருந்தார். கலப்பெண்ணெய் விற்கத் தடையில்லை, ஆனால் டின்னின் மேல் கலப்பு என்று எழுதியிருக்க வேண்டும். அதை மறைத்துச் சுத்தம் என்று விற்றால் லைசென்ஸ் போய்விடும், செக்கையும் நிறுத்திவிடுவார்கள் என்று அவர் விளக்கினார். நான் ஒரு புகார்க் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நல்ல தாளொன்று வாங்கி வைத்தேன். என் வீட்டு எண்ணெயைவிட ஆண்டவன் விளக்குதான் என் நெஞ்சை அறுத்தது. இத்தனை காலம் கலப்பையா அவன் சந்நிதியில் வார்த்தேன்?

எழுதுமுன் உறுதி செய்துகொள்ள விரும்பினேன். குளிரை எங்கே தேடுவது? துறைமுகத்து மீன் எங்கள் கொட்டகை வழியாகத்தான் கோலாலம்பூருக்குப் போகும், மரத்தூளும் ஐஸும் நிரம்பிய பெட்டிகளில். சைவனான நான் மீன்பெட்டிக்காரரிடம் போய் ஒரு துண்டு ஐஸ் கேட்டபோது, அவர் என் முகத்தையும் நெற்றித் திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உடைத்துக் கொடுத்தார். மதிய இடைவேளையில் ஒரு வாளியில் மூன்று போத்தல்களை ஐஸுக்குள் நிறுத்தினேன்: ஒன்றில் தேங்காயெண்ணெய், ஒன்றில் எங்கள் வீட்டு நல்லெண்ணெய், ஒன்றில் கோயில் எண்ணெய்.

தேங்காயெண்ணெய் சற்று நேரத்தில் கற்பூரம்போல் வெளுத்து இறுகியது. எங்கள் வீட்டு எண்ணெய் கலங்கி, அடியில் வெள்ளையாகப் படிந்தது. கோயில் எண்ணெய் மட்டும் தேன் நிறத்தில், தெளிவாக, அசைத்தால் அசைந்துகொண்டிருந்தது. நெடுநேரம் காத்திருந்தும் அது மாறவில்லை.

ஆண்டவனுக்காகவே புகார் எழுத இருந்தவன் நான். இப்போது அவன் பங்குக்குக் குறையே இல்லை என்று தெரிந்தது. குறையெல்லாம் எங்கள் தலைக்கும் தாளிப்புக்கும்தான். மகிழ்வதா சினப்பதா என்று விளங்காமல், மாலையில் புது ஐஸ் இட்ட அந்த வாளியோடு கடைக்குப் போனேன்.

செக்குக்காரர் மூன்று போத்தலையும் பார்த்தார். மறுக்கவில்லை.

"இதுல கோயில் போத்தல் தெளிவா இருக்குமே கிராணி ஐயா. அதுல நான் கை வைக்க மாட்டேன். சாமிகிட்டப் பொய் சொல்லலாமா?"

"எங்ககிட்டச் சொல்லலாமா அண்ணே?"

அவர் செக்கடியில் நின்ற மாட்டைக் காட்டினார். எள் கப்பலில் வரவேண்டும். மழை மாதங்களில் கப்பல் தாமதமாகும். தேங்காய்க் கொப்பரையோ கூப்பிடு தூரத்தில் கிடைக்கும். "மாடு கப்பலுக்காகப் பட்டினி கிடக்குமா ஐயா?" என்றார். ஓர் அகப்பையில் தொடங்கியது வளர்ந்துவிட்டதாம்.

எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. இந்த ஊரில் உறையாது என்று தெரிந்தேதான் போத்தலை வாசலில் வைத்தாரா? அவர் தலையைச் சொறிந்தார்.

"முத வருஷம் பயந்து செத்தேன். மூணு நாள் விடியக் கருக்கல்லயே எந்திரிச்சு டின்னை டின்னைப் பார்த்தேன். உறையல. சரி, சாமி விளக்குக்கு ஒழுங்கா ஊத்தறோம், அதான் அவரு நம்மளக் காப்பாத்துறாருன்னு நெனச்சேன்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் எல்லோரையும் ஏமாற்றிய அந்தத் தட்பவெப்பம் அவரையும் ஏமாற்றியிருந்தது.

புகார்த் தாள் சில நாள் என் மேசையில் வெறுமையாகக் கிடந்தது. எண்ணெய் தீர்ந்த வேளையில் தண்ணீர் வார்த்து விளக்கெரித்த அடியாரின் கதையை நம்புகிறவன் நான். தேங்காயெண்ணெயில் எரிவதை மட்டும் எப்படிக் குற்றம் என்பேன்? ஆனால் என் மனைவியின் தலை விளக்கு அல்லவே. கலந்ததை அறியாமல் வாங்குகிறவரின் நம்பிக்கையும் ஒரு பொருள்தான். முடிவில் செக்குக்காரரிடம் போய், தை முதல் நாளிலிருந்து இரண்டு டின் வையுங்கள், கலப்பில் கலப்பு என்று எழுதுங்கள், இல்லையேல் நான் கடிதம் எழுதுவேன் என்றேன். கலப்பு என்று எழுதினால் எவர் வாங்குவார், கடையை மூட வேண்டியதுதான் என்று அவர் புலம்பினார். எவர் வாங்குவார் என்பது எனக்கும் தெரியாது.

அடுத்த வீட்டு இளைஞரிடம், கடிதம் எழுதப் போவதில்லை என்றேன். அவர் சிரித்தார். "பதிகம் பாடறவங்களுக்குச் சட்டம் வேறயா அண்ணே?" அச்சொல் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவர் சொன்னது முற்றும் தவறு என்று என்னால் கூற இயலாது.

தை பிறந்தது. இரண்டு டின்கள் வந்தன. கலப்பு டின்னில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதி, விலையையும் குறைத்திருந்தார். முதல் நான்கு நாள் அதை எவரும் தொடவில்லை. ஐந்தாம் நாள் முதல் ஆளாக வந்து வாங்கியது கோயில் நிர்வாகம். எரிப்பதற்குத்தானே, மலிவானதே போதும் என்று முடிவு செய்துவிட்டார்களாம். கோயிலே வாங்குகிறது என்றதும் பொரிப்பதற்கு என்று வீட்டுப் பெண்களும் வாங்கினார்கள். தலைக்கு மட்டும் சுத்தமானதைக் கேட்டார்கள். செக்கு நிற்கவில்லை.

ஆனால் நான் விடியலில் கோயில் விளக்குக்கு வார்த்தபோது கை தயங்கியது. உண்மையைச் சொல்லவைத்தவன் நான். அதன் பலனாகக் கலப்பு கடைசியில் சந்நிதிக்கே வந்துவிட்டது. மனம் கேளாமல் ஒரு போத்தலில் சிறிது எடுத்துச் சென்று, மீன்பெட்டிக்காரரிடம் மறுபடியும் ஐஸ் கேட்டேன். இம்முறை அவர் பார்க்கவும் இல்லை, உடைத்துத் தந்தார்.

எண்ணெய் உறையவில்லை. கலங்கவும் இல்லை.

கலப்பு என்று எழுதிய டின்னில், கலப்பின் விலைக்கு, கோயிலுக்கு மட்டும் அவர் சுத்தமான நல்லெண்ணெயை ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். டின்னின் மேல் இருந்த எழுத்து மறுபடியும் பொய். மறுபடியும் விதி மீறல்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கும் புகார் எழுதுவீங்களா?" என்றாள்.

தாளைத் தேடினேன். அவள் அதைச் சுருட்டி, எங்கள் நல்லெண்ணெய்ப் போத்தலுக்கு மூடியாகச் செருகியிருந்தாள்.