ஒலிவ் தோட்டத்திலிருந்து நான் கொண்டுவந்த சொல்

கொரோனா அடங்கி விமானங்கள் பழையபடி பறக்கத் தொடங்கிய வருஷம், பனி கொட்டுவதற்குக் கொஞ்சம் முந்தி நடந்த விஷயம் இது. தொடங்கியது மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில், ஒரு கார்டெரியின் சமையலறையில். கார்டெரி என்றால் வேலைக்குப் போகிற தாய் தகப்பன் சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் இடம். அந்தப் பிள்ளைகளுக்குச் சமைப்பது நாங்கள் இரண்டு பேர். ஒன்று நான், யாழ்ப்பாணத்துக்காரி. மற்றவள் கிரேக்க நாட்டிலிருந்து வந்த என் சிநேகிதி.

நாங்கள் கதைப்பது பிரெஞ்சில். இரண்டு பேருடைய பிரெஞ்சும் ஓட்டை என்பதால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கும். அவள் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

வேலை முடிந்து வெளிக்கிடும்போது வாய்ப்பழக்கத்தில் "போயிட்டு வாறன்" என்பேன். ஒருநாள் அதற்கு என்ன கருத்து என்று கேட்டாள். எங்கள் ஆட்கள் வெறுமனே "போறன்" என்று சொல்ல மாட்டோம், அது அபசகுனம், திரும்பி வராத ஆள்தான் அப்படிப் போவார் என்று விளக்கினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பஸ் பிடிச்சு பியர்பொன்ட்ஸில இருக்கிற வீட்டுக்குப் போறதுக்கே உங்களுக்கு இவ்வளவு பயமோ?"

அதற்குப் பிறகு தினமும் எனக்கு முந்தி அவள்தான் தமிழில் "வாறன், வாறன்" என்று கை காட்டிவிட்டுப் போவாள்.

ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்தில் லீவு எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போவாள். அங்கே தாய்க்கும் அண்ணனுக்கும் ஒலிவ் தோட்டம். காய் இறக்கும் காலத்தில் உதவிக்குக் கை வேண்டும். ஆனால் அந்த வருஷம் அவளுடைய வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். கண்டபோதே ஈரல் வரைக்கும் பரவிவிட்டது. விமானத்தில் ஏறுகிற பேச்சே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு உண்மை தெரியும். வயதுபோன தாயிடம் முழங்கால் ஒப்பரேஷன் என்று சொல்லி வைத்திருந்தாள். தாயோடு டெலிபோனில் கதைப்பதையும் நிறுத்திவிட்டாள். குரலைக் கேட்டாலே அம்மா பிடித்துவிடுவா என்று பயம்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்குப் பதிலா நீ போறியே? சம்பளம் இல்லை. சாப்பாடும் படுக்கையும் தருவினம். அண்ணை மரம் உலுப்ப, அம்மா கீழ தனிய நிண்டு காய் விழுற வலையை இழுப்பா எண்டு நினைச்சா எனக்கு நித்திரை வருகுதில்லை. ஆனா அவவுக்கு ஒண்டும் தெரியக்கூடாது."

வீட்டில் இதைச் சொன்னதும் என் கணவர், "உமக்கென்ன விசரோ? வாசல் ஸ்னோ தள்ளவே ஆள் தேடுறீர். அங்க போய் மரம் உலுப்பப் போறீரோ?" என்றார். பிறகு அவரே டிக்கெட் போட்டு, அவரே ஏர்போர்ட்டிலும் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அவருடைய கோபம் எப்போதும் அவ்வளவுதான்.

சிநேகிதி தன்னுடைய தோட்டத்துப் பூட்ஸைத் தந்தாள். வருஷா வருஷம் இங்கிருந்து கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிற பூட்ஸ். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு. "இந்தமுறை திருப்பிக் காவிக்கொண்டு வராதை. அங்கயே விட்டிடு" என்றாள்.

மலைச்சரிவில் இருந்தது தோட்டம். அந்த ஊர் விதவைகள் உடுக்கிற கறுப்பு உடுப்புடன் தாய் வாசலில் நின்றா. கட்டிப்பிடித்து முத்தம் தந்தா. அடுத்த நாள் காலை நான் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். என் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவ, உள்ளே போய்விட்டா. ஆள் வெளியே வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. குளிருக்குச் சால்வை எடுக்கப் போனவவாக்கும் என்று நினைத்தேன்.

வேலை என்றால் வேலைதான். மரத்தின் கீழே பெரிய வலையை விரிக்க வேண்டும். அண்ணன் மெஷின் தடியால் மேல்கொப்புகளை உலுப்புவார். தாயும் நானும் பிளாஸ்டிக் சீப்பால் தலைவாருவது போல் கீழ்க்கொப்புகளை வார வேண்டும். காய்கள் படபடவென்று வலையில் விழும். முதல் நாள் ஆசையில் ஒரு காயைப் பிடுங்கி வாயில் போட்டுவிட்டேன். வேப்பங்கொட்டை தோற்றுவிடும், அப்படி ஒரு கைப்பு. நான் துப்பிய துப்பலைப் பார்த்துத் தாய் வாய்விட்டுச் சிரித்தா. அந்தச் சிரிப்பு அப்படியே என் சிநேகிதியுடையது. சீப்பை எடுத்துக்கொண்டு அடுத்த கொப்புக்குத் திரும்பிக்கொண்டேன்.

மகளைப் பற்றிக் கேட்டால் அண்ணன் வழியாகச் சொல்வதற்கு முழங்கால் கதையை நல்லாய்ப் பாடமாக்கி வைத்திருந்தேன். ஆனால் அவ கேட்கவேயில்லை. எப்போது வருவாள், எப்படி இருக்கிறாள், ஒரு சொல் இல்லை. பொய் நல்லாய்ப் பிடித்துவிட்டது என்று எனக்குள்ளே கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

அயலட்டை ஆட்கள் உதவிக்கு வந்து போகும்போதெல்லாம் தாய் "ஸ்தோ காலோ" என்று வழியனுப்புவா. அண்ணன் முந்திக் கப்பலில் வேலை செய்தவர், இங்கிலீஷ் தெரியும். அவரிடம் கருத்துக் கேட்டேன்.

"நல்லதை நோக்கிப் போ எண்டு அர்த்தம். போற ஆக்களுக்குச் சொல்லுறது."

"அண்ணை, உங்கட தங்கச்சிக்கும் அம்மா இதைத்தானோ சொல்லுவா?"

"அவளுக்கோ? ஒருநாளும் சொன்னதில்லை. அவள் டாக்ஸிக்குள்ள ஏறின பிறகும் 'கெதியா வா, கெதியா வா' எண்டுதான் கத்துவா."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் ஆட்களைப் போல, சீக்கிரம் திரும்பி வரச் சொல்லி வழியனுப்புகிற ஒருத்தி இங்கேயும் இருக்கிறா என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணெய் பிழிந்து தகரத்தில் அடைத்து, நான் புறப்படும் நாளும் வந்தது. பூட்ஸைப் பின்கதவடியில் சேறோடு விட்டிருந்தேன். காலையில் அங்கே இல்லை. தாயிடம் விடைபெற அறைக்குப் போனால், கழுவித் துடைத்த பூட்ஸ் அவவுடைய கட்டிலடியில் சோடியாய் நின்றது.

வாசலில் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "ஸ்தோ காலோ" என்றா. நான் தலையாட்டினேன். உனக்கில்லை என்று கையை ஆட்டினா. கடல் இருக்கிற பக்கமாய், தூரத்தைக் காட்டி, மகளுடைய பெயரைச் சொன்னா. திரும்பவும் மெதுவாக "ஸ்தோ காலோ" என்றா. வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

விமானத்தில் என் மனம் ஒரு நிலையில் இல்லை. பெற்ற பிள்ளைக்கு, அதுவும் படுக்கையில் கிடக்கிற பிள்ளைக்கு, "போ" என்று ஒரு தாய் சொல்லி அனுப்புவதா? அதை நான் என் வாயால் கொண்டுபோய்ச் சொல்வதா? மாட்டேன் என்று முடிவெடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் சிநேகிதி பாதியாகிப் போயிருந்தாள். சாப்பாடு இறங்குவதில்லை. புது எண்ணெயில் ஒரு சொட்டை விரலால் தொட்டு அவளுடைய நாக்கில் வைத்தேன். தொண்டை எரிந்து இருமினாள். "இருமல் வந்தால்தான் நல்ல எண்ணெய்" என்று கண்ணீரோடு சிரித்தாள்.

"அம்மா என்ன சொன்னவ?"

"கெதியா வரட்டாம்."

"பூட்ஸை அங்க விட்டனியே?"

"ஓம். அவ அதைக் கழுவித் தன்ர கட்டிலடியில வைச்சிருக்கிறா."

கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப அவ கெதியா வா எண்டு சொல்லியிருக்கமாட்டா" என்றாள். "முழங்கால் சுகமாகி வரப்போறவள் பூட்ஸைக் குடுத்துவிடுவாளே? பார்த்த உடனேயே அம்மாவுக்கு விளங்கியிருக்கும். உன்ர சொல் எனக்கு வேண்டாம். அவ சொன்ன சொல்லைச் சொல்லு."

சொன்னபோது எனக்கு அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஸ்தோ காலோ."

அவள் சத்தம் போட்டு அழுதாள். நோய் என்று தெரிந்த நாள் முதல் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு போன் போட்டுத் தா" என்றாள். போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். கதவுக்குள்ளே அழுகை கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கடைசிவரை தாயும் மகளும் தினமும் கதைத்தார்கள்.

கடைசியாய் நான் அவளைப் பார்த்தது பனி கொட்டிய ஒரு பின்னேரம். பேசுகிற தெம்பு அவளிடம் இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலடியில் நின்றேன். வழக்கமான "போயிட்டு வாறன்" வாய்வரை வந்து நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்து, நான் கற்றுக்கொடுத்த தமிழில், ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"போறன்."

எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்தேனோ, அதே சொல். பிழையாகச் சொல்லவில்லை, தெரிந்தேதான் சொன்னாள். குனிந்து அவளுடைய நெற்றியில் முத்தமிட்டு "ஸ்தோ காலோ" என்றேன்.

இப்போதும் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்கிறேன், பழக்கம் விடுமா? ஆனால் இனி எழும்பமாட்டார் என்று தெரிந்த ஒருவரின் பக்கத்தில் இருந்து "உங்களுக்கு ஒண்டுமில்லை, சுகமாகி வருவியள்" என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வருவதில்லை. பெற்ற மகளுக்கு அந்தத் தாய் என்னிடம் கொடுத்துவிட்ட சொல்தான் தொண்டையில் வந்து நிற்கிறது.