மாலை வகுப்பும் செகண்ட் ஷிப்டும்

சுரங்கத்தில் என் கான்ட்ராக்ட் பங்குனியில் முடிகிறது. அதற்குள் ஏதாவது கம்ப்யூட்டர் வேலைக்குத் தயாராக வேண்டும். பைத்தான் படிப்பதா, ஜாவா படிப்பதா என்று ஆடி முழுவதும் விசாரித்தே களைத்துப்போனேன். கடைசியில் பைத்தானுக்காக வடலூரில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். தன் காலை ஷிப்டை முடித்து, கன்வேயர் பெல்ட்டை என்னிடம் ஒப்படைத்த செல்வராஜ் அண்ணனிடம் அதைச் சொன்னேன்.

“மூணு வாரத்துல ஒரு வாரம் உனக்கு செகண்ட் ஷிப்ட். சாயங்காலம் இங்க நின்னுகினு எப்படிடா படிப்ப?”

அதை நான் யோசிக்கவே இல்லை. “அப்ப வுட்டுடறேன்ண்ணே” என்றேன்.

“அந்த வாரம் நான் பாக்கறேன். என் காலை ஷிப்ட நீ எடுத்துக்க.”

“பசங்க தூங்கினப்புறம்தானே வூட்டுக்குப் போவீங்க?”

“உங்க அண்ணி நிம்மதியா இருப்பா, போடா.”

இன்று மாலை வகுப்பில் கண் சொருகியது. இந்நேரம் அவர் பெல்ட் அருகே நின்றுகொண்டிருப்பார். முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.