பழுப்பு நிறப் பக்கங்கள்

எதையாவது தேடும்போது லெனோர் முதலில் கண்களை மூடிக்கொள்வாள். கத்தரிக்கோலோ கார் சாவியோ, எதுவானாலும் நடுக்கூடத்தில் அப்படியே நின்று, இமைகளை மூடி, உதட்டுக்குள் ஒரு சொல்லை முணுமுணுப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிறகு கண்ணைத் திறந்து நேராகப் போய் எடுத்துவிடுவாள் என்று நினைக்க வேண்டாம். பாதி நாள் எடுப்பாள். மீதி நாள், கண்ணை மூடிய இடத்திலேயே வேறொரு நினைவு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

"மேகம் கிளம்பிடுச்சு," என்பார் அவளுடைய அப்பா ரெய்னோ. "இனிமே எங்க போய்ப் பெய்யுமோ!"

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரியைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் மரவீடு லெனோருடையது. ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வரும் காலைகளில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அவள் மனசும் அந்தக் காலைகளைப் போலத்தான். கடைத்தெருவில் துணிக்கடையில் வேலை. ஒட்டுப்போர்வை தைக்கிறவர்களுக்குப் பருத்தித் துணி வெட்டிக் கொடுப்பாள். வெட்டிக்கொண்டிருக்கும்போதே துணியின் நீலத்துக்குள் இறங்கிவிடுவாள். எதிரில் நிற்கிறவர் இருமினால்தான் கரையேறுவாள். அவள் வீட்டில் அடி கருகாத கெண்டி கிடையாது.

அம்மா இறந்துபோன பிறகு ரெய்னோ மகளோடு வந்து சேர்ந்தார். இரும்புத்தாது ஏற்றிப்போகும் ஏரிக்கப்பல்களில் ஆயுள் முழுக்கச் சமையல்காரராக இருந்தவர். ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தொலைவில் புள்ளியாகப் போகிற கப்பலைப் பார்த்து, "இன்னிக்கு அதுல மாட்டுக்கறிக் குழம்பு," என்று சொல்வார். யார் மறுக்க முடியும்? முழங்கால் வலி, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை. வேறு குறை இல்லாத மனிதர்.

குறை சொல்ல மூத்தவள் கெய்ல் இருந்தாள். மில்வாக்கியில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. காரில் அரை நாள் தூரம்.

"அப்பாவுக்கு ஏரி வேணும், சரி," என்றாள் போனில். "மாத்திரையும் வேணும்ல? அதை ஞாபகம் வெச்சுக்க ஒரு ஆள் வேணும்ல? நீ உன் செருப்பையே ஜோடியாப் போட்டுட்டு வந்து நான் பார்த்ததில்ல."

அதற்காகத்தான் லெனோர் அந்த நோட்டை வாங்கினாள்.

சனிக்கிழமை காலைகளில் ஊர் நூலகத்தில் சில பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புல்லட் ஜர்னல் எழுதுவார்கள். கோடு போடாத, புள்ளி மட்டும் வைத்த நோட்டு. ஒரு விஷயத்துக்கு ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு சின்ன வரி. வேலை முடிந்தால் புள்ளி மேல் பெருக்கல் குறி. முடியாவிட்டால் ஒரு அம்பு போட்டு அடுத்த மாதத்துக்கு நகர்த்திவிட வேண்டும். முன்னால் நாலைந்து பக்கத்தை எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணைக்காகக் காலியாக விட வேண்டும். லெனோருக்கு அந்த வட்டம் பிடித்துப்போனது. யாரும் அவளை அதிகம் பேச வைக்கவில்லை. பேனாக்கள் கை மாறிக்கொண்டே இருந்தன.

அவள் ஒவ்வொரு மாதத்தின் முதல் பக்கத்திலும் அந்த மாதத்து ஏரியை வரைந்தாள். அப்பாவுக்கு நீலம், கடைக்குப் பச்சை, விறகு பிளப்பது, பனி தள்ளுவது, அடுப்பு மூட்டுவது போன்ற வீட்டு வேலைக்குப் பழுப்பு. பிறகு அப்பாவின் நீலமே மூன்றானது. மாத்திரைக்கு ஒரு நீலம், அவர் சொல்லும் கப்பல் கதைக்கு வெளிறிய நீலம், தூக்கத்தில் கண்டதாகக் காலையில் அவர் சொல்வதற்குச் சாம்பல் கலந்த நீலம். அட்டவணையில் அவள் சொல் எழுதவில்லை. சின்னச் சின்ன வண்ணக் கட்டங்களைப் போட்டு, பக்கத்தில் பக்க எண்களை எழுதினாள். தூரத்திலிருந்து பார்த்தால் போர்வை போல இருந்தது. எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று தனியாக ஒரு பக்கம் வரைந்து வைத்தாள். அந்தப் பக்கத்துக்கு மட்டும் என்ன நிறம் கொடுப்பது என்று புரியாததால் அதை அட்டவணையில் சேர்க்கவே இல்லை.

ஏப்ரலில், கரையோரப் பனிக்கட்டி முனகிக்கொண்டு உடைகிற வாரத்தில், கெய்ல் வந்தாள். வந்தவளுக்கு மரியாதையாகக் கொல்லையில் இருந்த சவுனாவை, அந்த நீராவிக் குளியல் அறையை, மூட்டினார்கள். சனிக்கிழமை வேறு. அந்தப் பக்கத்து வீடுகளில் சனிக்கிழமையானால் புகைபோக்கி புகையும், கல் சூடேறும், தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும். வெந்து சிவந்து வெளியே வந்து, பிறகுதான் சாப்பாடு. அதை யாரும் ஒரு காரியமாக நினைப்பதில்லை.

இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டிகள் மேசைக்கு வந்தன. கெய்ல் குழம்பு கேட்டாள்.

"பாஸ்டிக்குக் குழம்பா?" ரெய்னோ மார்பில் கை வைத்தார். "மில்வாக்கி உன்னை இப்படியா ஆக்கிடுச்சு? இதுக்குக் கெச்சப்தான். இரு, எடுத்துட்டு வர்றேன்."

எழுந்தார். இரண்டு அடி வைத்தார். கை காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தது. கெய்ல் பாய்ந்து தாங்காவிட்டால் அடுப்பு மேலேயே சாய்ந்திருப்பார். நாற்காலியில் உட்கார வைத்ததும் ஒரு நிமிடத்தில் நிறம் திரும்பிவிட்டது.

"ஒண்ணுமில்ல. கப்பல் ஆடுச்சு," என்றார்.

கெய்ல் சிரிக்கவில்லை. "லெனோர், இது முன்னாடி நடந்திருக்கா?"

"நடந்திருக்கு. எழுதி வெச்சிருக்கேன்."

"எப்ப? எத்தனை தடவை?"

லெனோர் நோட்டைத் திறந்தாள். நீலக் கட்டத்தின் பக்கத்தில் எண்கள் வரிசையாக நின்றன. எந்த நீலம்? ஒரு பக்கத்தில் சூறாவளியில் ரொட்டி சுட்ட கதை. ஒரு பக்கத்தில் மீன்களோடு சீட்டாடிய கனவு. இன்னொன்றில் ஜனவரி ஏரி, எல்லாமே வெள்ளை. நிறங்களுக்குப் பொருள் எழுதிய பக்கத்தைத் தேடினாள். அது எங்கே என்று அட்டவணை சொல்லவில்லை. கண்களை மூடினாள். உதடு அசைந்தது. திறந்தபோது அக்கா நோட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகா இருக்கு," என்றாள் கெய்ல். குரலில் கேலி இல்லை, அதுதான் வலித்தது. "வர்ற வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். அதுவரைக்கும் நான் இங்கதான். எப்பெப்ப நடந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு நீ அவங்களுக்குச் சொல்லணும். உன்னால முடியலைன்னா அப்பா என்கூட வர்றார். எங்க வீட்டுப் பக்கத்துலயே நல்ல முதியோர் இல்லம் இருக்கு."

"என்னைக் கேட்டியா?" என்றார் ரெய்னோ.

"அங்கயும் ஏரி இருக்குப்பா."

"மிச்சிகன் ஏரியா? அது குளிக்கிற தொட்டி."

ஆனால் அவர் கை மேசை விளிம்பை விடவில்லை. லெனோர் அதைப் பார்த்தாள்.

மறுநாள் மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது. கெய்ல் மாதா கோவிலுக்குப் போயிருந்தாள். ரெய்னோ எதுவும் தெரியாத வெண்மையைப் பார்த்தபடி கப்பல்களின் ஊதலைக் கேட்டுக்கொண்டிருந்தார். லெனோர் சமையல் மேசையில் நோட்டை விரித்து வைத்து, பழக்கம் போலக் கண்களை மூடினாள். அப்பா தடுமாறிய முதல் நாள். எங்கே அது?

"தலை சுத்தல்," என்று முணுமுணுத்தாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டே வேறொன்றைத் தேடிப் பார்த்தாள். "மாத்திரைச் சீட்டு." இன்னொன்று. "கோபம்." இத்தனை வருஷமாக இருட்டுக்குள் நின்று அவள் தன்னிடம் சொல்லிக்கொண்டது எல்லாம் சொற்கள். ஒரு தடவைகூட அவள் நீலம் என்று முணுமுணுத்ததில்லை. பதறி நிற்கும்போது மனசு நிறத்தைக் கேட்பதில்லை. அதற்கு வாயில் வருகிற பெயர் வேண்டும்.

வண்ணக் கட்டங்களின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டினாள். நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கண்ணை மூடி, இதை எந்தச் சொல்லால் தேடுவேன் என்று கேட்டாள். வந்த சொல்லை அப்படியே எழுதினாள். அட்டவணையில் 'உடல்நலம்' என்ற சொல் இல்லை. 'தலை சுத்தல்' இருந்தது. 'தூங்கல', 'சாப்பிட மாட்டேன்னார்', 'டாக்டர் சொன்னது', 'அம்மாவக் கேட்டார்' எல்லாம் இருந்தன. ஒரே விஷயம் நாலு இடத்தில் சிதறிக் கிடந்தால், ஒவ்வொன்றின் அடியிலும் அடுத்தது எந்தப் பக்கம் என்று சின்னதாக எழுதினாள். பக்கத்திலிருந்து பக்கத்துக்குத் தாண்ட, ஆற்றில் கல் போட்டது போல ஆனது. அப்பாவின் பக்கங்களின் விளிம்பில் மட்டும் மை தடவினாள். நோட்டை மூடினாலும் அந்தக் கறுப்புக் கீற்றுகள் தெரிந்தன.

அவள் ஏரிகளை அழிக்கவில்லை. அவற்றுக்கும் ஒரு சொல் கொடுத்தாள்: 'சும்மா பார்க்க'.

பழுப்பு நிறத்துப் பக்கங்கள் கடைசியாக மிஞ்சின. விறகு, சாம்பல், பனி. அதற்கெல்லாம் என்ன சொல் வரப்போகிறது என்று அலுப்போடு கண்ணை மூடினாள். வந்தது: 'சவுனா'. எண்களை எழுதத் தொடங்கினாள். எழுத எழுதக் கை மெதுவானது. மேலே 'தலை சுத்தல்' என்ற சொல்லுக்கு எதிரே இருந்த எண்களே இங்கும் வந்தன. ஒன்றிரண்டு மட்டும் அடுத்த பக்கத்துக்கு வழிந்திருந்தன.

வெளியே ஒரு கப்பல் ஊதியது. லெனோர் இரண்டு வரிசையையும் விரலால் ஒப்பிட்டுப் பார்த்தாள். தலைசுத்தலைச் சவுனாவோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சவுனா மூச்சு விடுவது மாதிரி, அதை யார் எழுதி வைப்பார்கள்? விறகுக் கணக்குக்காகத்தான் அதுவும் எழுதப்பட்டிருந்தது.

"அப்பா, சனிக்கிழமை மாத்திரை எப்பப் போட்டுக்குவ?"

"எப்பவும் போலத்தான். சாயங்காலக் காபியோட."

"காபி குடிச்சிட்டு?"

"காபி குடிச்சிட்டு சவுனாவுக்குப் போவோம். இது என்ன கேள்வி?" திரும்பி மகளைப் பார்த்தவர் முகம் மாறியது. "ஏய், மேகம். அதைக் கொண்டுபோய் டாக்டர்கிட்டச் சொல்லிடாத. சவுனாவ விடுன்னு சொல்லிட்டா நான் மில்வாக்கிக்கே போய்த் தொலையலாம்."

"சொல்லலைன்னா நீ மில்வாக்கிக்குத்தான் போவ."

ரெய்னோ மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஸ்வோபோடா ரத்தக் கொதிப்பை அளந்துவிட்டு, "இந்தத் தலைசுத்தல் எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். கெய்ல் தங்கையைப் பார்த்தாள். லெனோர் கண்களை மூடினாள்.

"கடவுளே," என்றாள் கெய்ல் மெல்ல.

லெனோர் கண்ணைத் திறந்து, அட்டவணையில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, நேராக ஒரு பக்கத்துக்குப் போனாள். படித்தாள். அடியில் இருந்த எண்ணைப் பார்த்து அடுத்த பக்கத்துக்குத் தாண்டினாள். எங்கும் நிற்கவில்லை. கடைசியில், "எல்லாமே சவுனா நாள், டாக்டர். மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல," என்றாள். அப்பாவை மட்டும் பார்க்கவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மாத்திரையும் ரத்த அழுத்தத்தக் குறைக்கும், சூடும் குறைக்கும். ரெண்டும் சேர்ந்தா இப்படித்தான். இனிமே மாத்திரையக் காலையில போட்டுக்கங்க. சவுனாவுல சூடு குறைவான கீழ்ப் பலகை, கொஞ்ச நேரம்தான். தண்ணி குடிக்கணும். தனியாப் போகக் கூடாது. அப்புறமும் தலை சுத்துனா உடனே என்னைக் கூப்பிடுங்க."

"கீழ்ப் பலகையா?" ரெய்னோவுக்கு மானம் போயிற்று. "அது குழந்தைங்க உக்கார்ற எடம்."

"அப்ப உக்காருங்க," என்றார் டாக்டர்.

காருக்கு நடக்கும்போது கெய்ல் நோட்டை வாங்கிப் புரட்டினாள். ஜனவரி ஏரி வரைந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்தப் பழுப்பு என்னன்னு இப்பவாவது தெரியுமா?"

"தெரியும். நிறம் எழுதின பக்கத்துக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கல."

கெய்ல் சிரித்துவிட்டாள். கார்க் கதவைத் திறந்து, அப்பாவை முன்னால் உட்கார வைத்தாள். "நான் நாளைக்கு ஊருக்குக் கிளம்புறேன்," என்றாள். "தனியாத்தான்."

இப்போது லெனோர் மூன்றாவது நோட்டில் எழுதுகிறாள். பழைய இரண்டின் அட்டவணையிலிருந்தும் இன்னும் வேண்டிய சொற்களைப் புதியதின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, எந்த நோட்டில் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறாள். கெண்டி இன்னும் கருகுகிறது. ரெய்னோ சனிக்கிழமைகளில் கீழ்ப் பலகையில் உட்காருகிறார். மற்ற நாள்களில் ஜன்னலோரம்.