மலையால் போய் ரோட்டால் திரும்பியவர்

தப்பால்காரர் பொன்னையா இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் கடிதம் சுமந்தவர். தன் பேருக்கு வந்த நாலு கடிதத்தை மட்டும் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். அதற்காக அவரை நாலு வார்த்தை திட்டாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

தினமும் காலையில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து சைக்கிளில் பதுளைக்கு இறங்குவார். தோட்டத்துத் துரைக்கு வந்ததையும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்ததையும் ஒரே தோல்பையில் போட்டுக்கொண்டு மத்தியானத்துக்குள் ஏறிவிடுவார். படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். துக்கச் செய்தி என்றால் கூடவே உட்கார்ந்து அழுவார். நல்ல மனுஷன்தான். சொந்த வீட்டு விஷயத்தில்தான் வீம்பு பிடித்த ஆள்.

வீம்பெல்லாம் மகள் ஜெயலெட்சுமியிடம். தோட்டத்துச் சனங்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகப் பொன்னையா எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு, அறுபத்தொன்பதில், அவள் மலைக்கு அந்தப் பக்கம் பசறைத் தோட்டமொன்றில் வேலை செய்த சிவஞானத்தைத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டாள். அவன் வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதியவர்கள். தாலி ஏறியதோடு மகள் இந்த நாட்டுக்காரி, பெற்றவர்கள் அந்த நாட்டுக்காரர்கள் என்றாகிப் போனது. "எனக்கு மகளே இல்ல" என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் கடிதம் பையில் வந்தபோது, "வாங்க மறுத்தார்" என்று உறைமேல் தானே எழுதி, மறுநாள் தானே பதுளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று வருஷத்தில் மூன்று கடிதம் அப்படிப் போயின.

எழுபத்திரண்டில் பயண நாள் வந்தது. ஆவணி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பதுளையிலிருந்து சாயங்காலக் கோச்சி. வழியனுப்ப வந்தவர்கள் பிளாட்பாரத்தில் விழுந்து புரண்டு அழுவதால் ஒப்பாரிக் கோச்சி என்றே சனங்கள் அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். தலைமன்னாரில் இறங்கிக் கப்பல் ஏறவேண்டும். தேதி தெரிந்த அன்றே பொன்னையாவின் வீம்பு பாதி இறங்கிவிட்டது.

"அவள ஒரு தடவ பாக்காமப் போனா என் கட்ட வேகாது நானா" என்று பதுளையில் சைக்கிள் கடை வைத்திருந்த ஷுக்ரி நானாவிடம் சொன்னார். சைக்கிளை ஷுக்ரிக்கே கொடுப்பதாகப் பேச்சு. போகும் நாள்வரை ஓட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார் அவர்.

"அப்ப பஸ்சுல போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"பஸ்சுல தெரிஞ்சவன் எவனாவது எங்க போறீங்கன்னு கேப்பான். நான் என்ன சொல்ல? மலையால போனா ஒரு பயலும் பாக்க மாட்டான்."

ஷுக்ரி சிகரெட் பெட்டியைப் பிரித்து, உள்பக்கத்தில் பென்சிலால் வழி போட்டார். எந்தத் தண்ணீர்க் கானைத் தாண்டச் சைக்கிளைத் தோளில் தூக்கவேண்டும், எந்த பங்களாவில் நாயை அவிழ்த்துவிட்டிருப்பார்கள் என்றெல்லாம் குறித்தார்.

"போறது மலையால போங்க. வரக்கொள்ள அந்தப் பக்கம் செங்குத்து, சைக்கிளத் தள்ள ஏலா. பசறை ரோட்டப் பிடிச்சு பதுளைக்கு வந்து ஏறுங்க. ஒரு வட்டம்."

பொன்னையாவுக்கு அந்த வட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. பிரேக் கட்டை மாற்றினார், பஞ்சர் ஒட்டும் ரப்பர் வாங்கினார், அட்டையை எடுத்து எடுத்துப் பார்த்தார். போகத்தான் இல்லை. முதல் ஞாயிறு மழை என்றார். அடுத்த ஞாயிறு டயர் சரியில்லை என்றார். அதற்கடுத்த ஞாயிறு மலையடிவாரம் வரை போய், இடுப்பு பிடித்துக்கொண்டதென்று திரும்பினார். இடுப்புமில்லை, ஒன்றுமில்லை. மகள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அந்த வாரம்தான் நாலாவது கடிதம் வந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வராதே என்று எழுதியிருப்பாளோ என்று ஒரு சந்தேகம். நேரில்தானே போகப் போகிறோம் என்று சமாதானம் சொல்லி, பழையபடியே எழுதித் திருப்பிவிட்டார். அட மனுஷா, பிரித்துப் பார்த்தால் கை வெந்தா போகும்!

மிச்சம் இருந்தது கடைசி ஞாயிறு மட்டும். விடியுமுன்னே சைக்கிளை எடுத்தார். மனைவி ராசம்மாவிடம் கூட விஷயத்தைச் சொல்லவில்லை.

"மலப்பக்கம் போயிட்டு வெரசா வந்துர்றேன்" என்றார்.

வழி அட்டையில் இருந்தபடியே இருந்தது. கான் இருந்தது, நாயை மட்டும் அன்று கட்டிப்போட்டிருந்தார்கள். மூச்சு வாங்கத் தள்ளி ஏறி, அந்தப் பக்கம் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இறங்கி, ஒன்பது மணிக்கெல்லாம் மகளின் லயத்தில் நின்றார். சிவஞானம் ஓடிவந்தான்.

"மாமா! அவ மொத பஸ்சுலயே பிள்ளையத் தூக்கிக்கிட்டு உங்களப் பாக்கத்தான் போயிருக்கா!"

"பிள்ளையா?"

"பொம்பளப் பிள்ளைங்க மாமா. ரெண்டு வயசாகுது."

பொன்னையா தேத்தண்ணிக்குக் கூட நிற்கவில்லை. மகள் தன்னைத் தேடிப் போயிருக்கிறாள். வீட்டில் உட்கார்ந்திருப்பாள், மடியில் பேத்தி இருப்பாள். பசறை ரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டே மிதித்தார். நடுவில் பஞ்சரானபோதும் சிரித்தபடியே ஒட்டினார். தன் லயத்துக்கு வர மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. லொறியில் பெட்டியெல்லாம் ஏற்றி முடித்திருந்தார்கள்.

ராசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எந்த வழியாங்க வந்தீங்க? நீங்க மலையில சைக்கிளத் தள்ளிக்கிட்டு ஏறுனத சனங்க பாத்திருக்காங்க. மலையால போனவரு மலையாலதான வருவாரு, எதிர்க்கப் போயி வழியிலயே பாத்துக்கிறேன்னு பிள்ளையோட ஏறிட்டாளே! பதினோரு மணிக்கே போயிட்டா!"

பொன்னையா சைக்கிளை மலைப்பக்கம் திருப்பினார். ராசம்மா சைக்கிளின் பின் கரியலைப் பிடித்துக்கொண்டாள். லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். இந்நேரம் அவள் மலையைத் தாண்டியிருப்பாள். வீட்டுக்குப் போய் விஷயம் தெரிந்து பஸ் பிடித்தாலும் கோச்சிக்கு வந்து சேரமாட்டாள். "லெட்சுமீ" என்று தேயிலைமலையைப் பார்த்துக் கத்திவிட்டு, லயம் முழுக்கப் பார்த்திருக்கச் சின்னப் பிள்ளைபோல அழுதார்.

ஸ்டேஷனில் ஷுக்ரி சைக்கிளை வாங்கிக்கொண்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"வட்டம் சரியா இருந்திச்சா பொன்னையா?"

"ரொம்பச் சரியா இருந்திச்சு நானா" என்றார்.

கோச்சி புறப்பட்ட பிறகு ராசம்மா மடியிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்துக் கொடுத்தாள். மகள் கொடுக்கச் சொன்னதாம். நாலு உறைகள், நாலிலும் அவருடைய கையெழுத்து. மேலே இருந்தது போன வாரம் திருப்பியது.

"என்ன எழுதியிருக்கா? வாசிங்க" என்றாள் ராசம்மா. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

பொன்னையா பிரித்தார். எல்லாருக்கும் வாசித்ததுபோல உரக்கவே வாசித்தார்.

"அப்பா, நீங்க போற ஞாயித்துக்கிழம காலையில பிள்ளையோட வாரேன். எங்கயும் போயிறாம வீட்டுலயே இருங்க."